ஐந்து பெயர், ஒருவர் உழைப்பு

பொறியியல் கல்லூரியின் கடைசிப் பருவத்தில் மாணவர்கள் ஒப்படைக்கும் புராஜெக்ட் அறிக்கையின் முதல் பக்கத்தில் மூன்று அல்லது நான்கு பெயர்கள் பதிவெண்ணோடு அச்சாகியிருக்கும். வைவாவுக்கு வந்திருக்கும் வெளித்தேர்வாளர் இரண்டாவது பெயருக்குரிய மாணவரிடம், “இந்த அளவை எடுத்தது யாருப்பா?” என்று கேட்பார். அந்த மாணவர் பக்கத்தில் நிற்பவரின் முகத்தைப் பார்ப்பார். பக்கத்தில் நிற்பவர் பதில் சொல்லத் தொடங்குவார். தேர்வாளர் கையை உயர்த்தி, “நீ இரு, அவர் சொல்லட்டும்” என்பார். அதன்பின் அந்த அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேச மாட்டார்கள்.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் கல்லூரிகளில் மட்டும் நடப்பதல்ல இது. ஆனால் இந்த இரண்டு மாவட்டங்களில் இதைப் பற்றிப் பேசுவதற்குத் தனிக் காரணம் உண்டு. பெரம்பலூர் நகரைச் சுற்றிக் கடந்த முப்பது ஆண்டுகளில் கல்லூரிகள் பெருகிவிட்டன. அங்கே படிக்க வருபவர்களில் பலர் மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் மானாவாரிக் கிராமங்களிலிருந்து, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். அவர்களுக்குப் பாடப்புத்தகத்தை வீட்டில் சொல்லித்தர ஆளில்லை. சக மாணவர்களின் துணையே அவர்களுக்குக் கிடைக்கும் பெரிய துணை. அந்தத் துணை சரியாக அமையாவிட்டால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு நட்டம் கொஞ்சம், இவர்களுக்கு நட்டம் அதிகம்.

குழுவில் ஒருவர் ஒதுங்கிவிட்டால் நாம் உடனே சொல்லும் காரணம் ஒன்றே ஒன்றுதான்: ஓபி அடிக்கிறான். ஆசிரியரும் சொல்கிறார், குழுவில் உழைப்பவரும் சொல்கிறார். அதற்கு மருந்தாகக் கல்லூரிகள் தன்னம்பிக்கைப் பேச்சாளர்களை அழைத்து வருகின்றன. இரண்டு மணி நேரம் அரங்கம் கைதட்டுகிறது. மறுநாள் குழு பழையபடியே இருக்கிறது. ஊக்கம் என்பது மாணவரின் உள்ளே இருக்கும் ஒரு சரக்கு, அது குறைந்தால் ஊற்றி நிரப்ப வேண்டும் என்ற எண்ணத்திலிருந்து வரும் மருந்து இது. நூறாண்டுக்கும் மேலான ஆய்வுகள் வேறொன்றைக் காட்டுகின்றன: குழுவில் ஒருவரின் ஊக்கம் ஏறுவதையும் இறங்குவதையும் பெருமளவு தீர்மானிப்பது அந்த வேலை பிரிக்கப்பட்ட விதம்.

கயிறு இழுத்தவர்கள்

மாக்ஸ் ரிங்கெல்மன் பிரான்ஸ் நாட்டு வேளாண் பொறியாளர். குதிரையும் மாடும் ஆளும் பண்ணை வேலையில் எவ்வளவு விசை தருகின்றன என்று அறிவதே அவர் நோக்கம். 1880களில் ஆட்களைக் கயிறு இழுக்கச் சொல்லி விசையை அளந்தார். முடிவுகள் 1913-இல் அச்சாயின. ஒருவர் தனியாக இழுக்கும்போது தரும் விசையை 100 என்று வைத்துக்கொண்டால், இருவர் சேர்ந்தபோது ஆளுக்கு 93 ஆனது. மூவர் சேர்ந்தபோது 85. எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது ஆளுக்கு 49-தான் வந்தது. பாதிகூட இல்லை.

இதற்கு எளிய விளக்கம் ஒன்று உண்டு. எட்டுப் பேரும் ஒரே கணத்தில், ஒரே திசையில் இழுப்பது கடினம். கொஞ்சம் விசை அதில் வீணாகும். ரிங்கெல்மனே அப்படித்தான் நினைத்தார். 1974-இல் அமெரிக்காவில் ஆலன் இங்காமும் அவருடைய சகாக்களும் இதைச் சோதித்தார்கள். கண்ணைக் கட்டி ஒருவரைக் கயிற்றின் முன்னால் நிறுத்தி, பின்னால் இன்னும் பலர் இழுக்கிறார்கள் என்று நம்பவைத்தார்கள். பின்னால் யாரும் இழுக்கவில்லை. ஆகவே திசை பிசகுவதற்கும் வழியில்லை. அப்படியும் அவர் விசை குறைந்தது. பலர் இருக்கிறார்கள் என்ற எண்ணமே கையைத் தளர்த்திவிட்டது.

1979-இல் உளவியலாளர்கள் பிப் லத்தானே, கிப்லிங் வில்லியம்ஸ், ஸ்டீபன் ஹார்கின்ஸ் மூவரும் மாணவர்களைக் கூட்டிவைத்துக் கத்தவும் கைதட்டவும் சொன்னார்கள். இருவர் கொண்ட குழு தன் முழுத் திறனில் 71 விழுக்காடும், நால்வர் குழு 51 விழுக்காடும், அறுவர் குழு 40 விழுக்காடும் மட்டுமே ஒலி எழுப்பின. இரண்டு ஆண்டு கழித்து அதே மூவர் செய்த அடுத்த ஆய்வுதான் நமக்கு முக்கியம். ஒவ்வொருவரின் குரலும் தனியாக அளக்கப்படுகிறது என்று மாணவர்களிடம் சொன்னதும் இந்தத் தளர்ச்சி மறைந்தது. மாணவர்கள் அதேபோன்றவர்கள், வேலையும் அதேதான். யாரும் அவர்களுக்கு ஊக்க உரை ஆற்றவில்லை.

உழைப்பவரும் ஒரு கட்டத்தில் கைவிடுகிறார் என்பதை 1983-இல் உளவியலாளர் நார்பர்ட் கெர் காட்டினார். செய்யக்கூடிய ஆள் செய்யாமல் இருப்பதைப் பார்க்கும் மற்றவர், தான் ஏமாளியாகிவிடக் கூடாது என்று தன் உழைப்பையும் குறைத்துக்கொள்கிறார்; குழுவே தோற்றாலும் பரவாயில்லை என்கிறார். நம் கல்லூரிகளில் மூன்றாவது ரிவியூ நெருங்கும்போது, எதையும் முடிக்காத நால்வர் சேர்ந்து திருச்சியிலோ சென்னையிலோ உள்ள புராஜெக்ட் சென்டருக்குப் பணம் கட்டி அறிக்கையை வாங்கிவருவதற்கு இந்த மனநிலை ஒரு முக்கியக் காரணம் என்பது என் துணிபு. அவர்கள் நால்வரும் சோம்பேறிகளாகப் பிறந்தவர்கள் அல்ல. அவர்களில் ஒருவராவது முதல் மாதத்தில் உழைத்தவர்.

மறுபக்கமும் உண்டு. 1920களில் ஓட்டோ கோலர் என்ற ஜெர்மானியர் பெர்லின் படகோட்டும் மன்றத்தினரை இருவர் இருவராகச் சேர்த்து ஒரே பளுவைத் தூக்கவைத்தார். ஒருவர் கைவிட்டால் மற்றவரால் தனியாகத் தொடர முடியாது. இந்த ஏற்பாட்டில் வலுக்குறைந்தவர் தான் தனியாகத் தூக்கியதைவிட நெடுநேரம் தாக்குப்பிடித்தார். இருவரின் வலுவுக்கும் இடையே உள்ள வித்தியாசம் நடுத்தரமாக இருந்தபோது இந்தப் பலன் மிகுந்தது. மலைக்கும் மடுவுக்குமாக இருந்தபோது குறைந்தது. தன் கை தளர்ந்தால் வேலையே நின்றுவிடும் என்று அறிந்த மனிதர் கையைத் தளர்த்துவதில்லை.

இதை வாசிக்கும் நம்மூர் விவசாயிக்கு வியப்பு வராது. இன்று உன் கொல்லையில், நாளை என் கொல்லையில் என்று முறைவைத்து வேலை செய்துகொள்ளும் பழக்கம் இப்பகுதியில் நெடுங்காலமாக உண்டு. அங்கே ஆளுக்கொரு வரிசை. யார் பின்தங்கினார் என்பது வரப்பில் நிற்பவருக்கும் தெரியும். பின்தங்கியவரைத் திட்டுவதைவிட, பக்கத்து வரிசைக்காரர் ஒரு கை கொடுத்து இழுத்துக்கொண்டு போவதே அதிகம்.

குழந்தைகள் அறிவியல் மாநாடு கற்றுத்தந்தது

தமிழ்நாட்டில் மாணவர் குழு வேலைக்கு நீண்ட காலம் நடந்த முயற்சி ஒன்று இருக்கிறது. மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ஆதரவில் 1993 முதல் நடத்தப்பட்டுவந்த தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு அது. 1980-இல் தொடங்கப்பட்டு ‘துளிர்’ இதழை நடத்திவரும் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் நம் மாநிலத்தில் இதை ஒருங்கிணைத்தது. பெரம்பலூரிலும் அரியலூரிலும் மாவட்ட மாநாடுகள் நடந்தன. 10 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் சிறு குழுவாகச் சேர்ந்து, தங்கள் ஊரில் உள்ள ஒரு கேள்வியை எடுத்துச் சில மாதங்கள் ஆராய்ந்து, தாய்மொழியிலேயே அறிக்கை எழுதி வாசிக்க வேண்டியிருந்தது. பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளும் கலந்துகொள்ள முடிந்தது. வழிகாட்டி ஆசிரியர் உடனிருப்பார். செய்ய வேண்டியது பிள்ளைகள்.

அதன் விதிமுறைகளில் எனக்கு மிகவும் பிடித்தது களக்குறிப்பேடு. என்று, எங்கே போனோம், யார் எதை அளந்தார்கள், யாரிடம் என்ன கேட்டோம் என்பதை அன்றன்றே எழுதிவைக்க வேண்டியிருந்தது. மதிப்பீட்டின்போது அதையும் காட்ட வேண்டியிருந்தது. பளபளப்பான அட்டை போட்ட அறிக்கையை ஆசிரியரோ அண்ணனோ எழுதித்தரலாம். மண் ஒட்டிய, மை கலைந்த, மூன்று கையெழுத்துகள் மாறிமாறி வரும் குறிப்பேட்டை யாரும் ஒரே இரவில் எழுதித்தர முடியாது. லத்தானே குழுவினர் ஒலிவாங்கி வைத்துச் செய்ததை இங்கே ஒரு நாற்பது பக்க நோட்டு செய்துவிட்டது.

இந்த மாநாட்டுக் குழுவில் ஐந்து பேர் வரை இருக்கலாம் என்பதே பல ஆண்டுகள் விதி. பின்னாளில் அது இருவராகக் குறைக்கப்பட்டது. இரண்டிலும் நன்மையுண்டு. இருவர் குழுவில் ஒளிந்துகொள்ள இடமில்லை. ஆனால் ஐவர் இருந்தபோது வகுப்பின் பின்வரிசைப் பிள்ளைக்கும் ஓர் இடம் கிடைத்தது. இருவர் என்றதும் ஆசிரியர் முதலிரண்டு மதிப்பெண்காரர்களையே தேர்ந்தெடுத்தார். என்னைக் கேட்டால், ஐந்து பேரும் இருக்கட்டும், வேலை ஐந்தாகட்டும் என்பேன்.

இன்னொரு விதி உறுத்தலானது. தேசிய மாநாட்டுக்குக் குழுத்தலைவர் மட்டுமே போக முடிந்தது. செலவைக் கணக்கில் வைத்துச் செய்த ஏற்பாடு; புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் அதன் விளைவு பள்ளியிலேயே தொடங்கிவிட்டது. யார் தலைவர் என்று முதல் நாளே எழுதப்பட்டது. நன்றாகப் பேசும் பிள்ளை தலைவரானது. ரயில் ஏறப்போவது யார் என்று தெரிந்த பின்பு மற்றவர்களின் கால் பின்வாங்கியதைக் குறை சொல்ல முடியுமா? பள்ளி அளவிலும் ஒன்றிய அளவிலுமாவது ஒவ்வொரு முறையும் வேறு பிள்ளை பேசட்டும் என்று சில ஆசிரியர்கள் தாங்களாகவே வழக்கம் வைத்துக்கொண்டார்கள். அதைச் செய்ய அரசாணை தேவைப்படவில்லை.

கேள்வி யாருடையது என்பதும் பெரிய விஷயம். 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் குளத்தைத் தோண்டியபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைத்தன. டைனோசர் முட்டை என்று செய்தி பரவியது, மக்கள் கூடினார்கள். அவை முட்டைகள் அல்ல, அம்மோனைட் என்னும் கடல்வாழ் உயிரினத்தின் எச்சத்தைச் சுற்றி இறுகிய படிவுகள் என்று பிறகு நிலவியல் அறிந்தவர்கள் விளக்கினார்கள். குன்னத்துப் பள்ளிப் பிள்ளைக்கு அதைவிட நல்ல புராஜெக்ட் எங்கிருந்து வரும்? முட்டை என்றால் ஓடு எப்படி இருக்க வேண்டும், கடல் உயிரி என்றால் உடைத்த பக்கத்தில் என்ன தெரிய வேண்டும், நம் ஊரில் கடல் எப்போது இருந்தது? காரை, குளக்கானத்தம் செம்மண் வெளிகளில் மழைக்குப் பின் நடந்தாலே கண்ணில் படும் சான்றுகள் உண்டு. சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கும் மரத்தை 1940-இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்து உலகுக்குச் சொன்னார். அரியலூர் வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகமும் இருக்கிறது. இத்தனையும் பேருந்து தூரத்தில் இருக்க, நம் பள்ளிகளில் இன்னமும் தெர்மாகோல் எரிமலைதான் கண்காட்சிக்கு வருகிறது. சமையல் சோடாவும் வினிகரும் நுரைப்பதை ஐந்து பிள்ளைகள் சேர்ந்து செய்ய என்ன இருக்கிறது? ஒருவர் ஊற்றுவார். நால்வர் பார்ப்பார்கள்.

அமெரிக்கச் சமூக உளவியலாளர்கள் ஸ்டீவன் கராவும் கிப்லிங் வில்லியம்ஸும் 1993-இல் 78 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். வேலை தனக்கு அர்த்தமுள்ளதாகத் தோன்றும்போதும், தன் பங்கு வேறு யாராலும் ஈடுசெய்ய முடியாததாக இருக்கும்போதும், குழுவில் இருப்பவர்கள் தெரிந்தவர்களாக இருக்கும்போதும் தளர்ச்சி குறைகிறது என்று கண்டார்கள். வேலை நான்கு பேருக்குப் போதாததாக இருந்தால், மீதிப்பேர் பெயருக்கு நிற்பதைத் தவிர வேறு வழி அவர்களுக்கு நாம் விடவில்லை.

வெங்காயப் பட்டறையில் ஐந்து தராசு

வேலையை எப்படிப் பிரிப்பது என்பதை ஓர் எடுத்துக்காட்டில் விரிவாகப் பார்க்கலாம். சின்ன வெங்காயத்துக்குப் பெயர்போன மாவட்டம் பெரம்பலூர். செட்டிகுளம் பக்கம் போனால் கொல்லையோரத்தில் வெங்காயப் பட்டறைகளைப் பார்க்கலாம். விலை ஏறும்வரை அறுவடையைக் காற்றோட்டமாகச் சேமித்துவைப்பது அங்கேதான். பட்டறையில் வெங்காயம் எடை குறையும், சிலது அழுகும், சிலது முளைக்கும். எவ்வளவு குறைகிறது, எந்த அமைப்பில் குறைவு என்பது விவசாயிக்குக் காசு சம்பந்தப்பட்ட கேள்வி.

வழக்கமான முறையில் இதைக் கொடுத்தால் என்ன ஆகும்? ஒரு பட்டறைக்கு ஐவரும் ஒரு நாள் போய்ப் படம் எடுப்பார்கள். ஒருவர் இணையத்தில் பார்த்து எழுதுவார். கையெழுத்து நன்றாக உள்ள பெண் சார்ட் எழுதுவார். இருவர் சார்ட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

வேறு விதமாகக் கொடுக்கலாம். ஐந்து ஊர்களிலிருந்து வரும் ஐந்து பிள்ளைகள். ஒவ்வொருவரும் தன் வீட்டிலோ உறவினர் கொல்லையிலோ உள்ள பட்டறையில் ஒரு வலைப்பையில் ஒரு கிலோ வெங்காயம் போட்டு அடையாளம் கட்டிவைக்க வேண்டும். வாரம் ஒருமுறை எடுத்து எடை போட வேண்டும். அழுகியது எத்தனை, முளைத்தது எத்தனை என்று எண்ண வேண்டும். பட்டறையின் உயரம், கூரைப் பொருள், காற்று வரும் பக்கம் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். திங்கட்கிழமை ஐந்து எண்களும் ஒரே அட்டவணையில் ஏற வேண்டும். இதில் ஒரு பிள்ளை ஒரு வாரம் எடை போடவில்லை என்றால் அந்தக் கட்டம் காலியாக நிற்கும். அதை வேறு யாரும் நிரப்ப முடியாது, ஏனென்றால் அந்த ஊர்ப் பட்டறை அந்தப் பிள்ளையினுடையது. முதல் வாரம் யாரோ ஒருவர் மறப்பார். இரண்டாம் வாரம் மற்ற நால்வரும் ஞாயிறு மாலையே, “எடை போட்டியா டா?” என்று கேட்டுவிடுவார்கள். ஆசிரியர் மிரட்டத் தேவையில்லை. இன்னொன்றும் நடக்கும்: கணக்கில் பின்தங்கிய பிள்ளையின் பட்டறையில்தான் வெங்காயம் குறைவாக அழுகியிருக்கும். ஏன் என்று முதல் மதிப்பெண்காரர் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும். தான் சொல்வதை இன்னொருவர் எழுதிக்கொள்கிறார் என்பதைப் பார்க்கும் பிள்ளைக்குத் தனியாக ஊக்கம் ஊட்ட வேண்டாம்.

இந்த முறைக்கு ஒரு முன்னோடி உண்டு. 1971-இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் வெள்ளையர், கறுப்பர், மெக்சிகோ வழியினர் எனப் பல பிரிவுப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் உட்காரவைத்தபோது சண்டையும் வெறுப்பும் மூண்டன. எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் பாடத்தைத் துண்டுகளாக்கி, குழுவில் ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு துண்டை மட்டும் கொடுத்தார். அடுத்தவர் சொல்வதைக் கேட்காமல் யாரும் பாடத்தை முடிக்க முடியாது. கேலிக்கு ஆளான பிள்ளைகளின் பேச்சை மற்றவர்கள் கேட்கத் தொடங்கினார்கள், வெறுப்பும் தணிந்தது.

ஆஸ்டினை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் குழுக்கள் உடைவதற்கு ஊக்கத்தோடு தொடர்பில்லாத காரணங்கள் நிறைய உண்டு; அவற்றை நாம் பேசுவதில்லை. பள்ளி முடிந்து யார் வீட்டில் கூடுவது? ஊர்த்தெருப் பிள்ளையின் வீட்டில் காலனிப் பிள்ளை திண்ணைக்கு மேல் வர முடியாத கிராமங்கள் இங்கே இன்னும் இருக்கின்றன. அந்தப் பிள்ளை, “எனக்கு வேலை இருக்கு” என்று சொல்லி வராமல் இருந்துவிடும். குழுவில் அதன் பெயர் ஓபி. மாலை டவுன் பஸ்ஸை விட்டால் வேப்பந்தட்டைப் பக்கமோ ஆலத்தூர்ப் பக்கமோ இருட்டிய பிறகுதான் அடுத்த பஸ். 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குப் பயணம் இலவசம். ஆனால் பேருந்து வரும் நேரம் மாறிவிடவில்லை. மாலை ஐந்து மணிக்கு மேல் நடக்கும் குழுக் கூட்டம் மாணவிகளை வெளியே தள்ளும் கூட்டம். அரசு விடுதியில் தங்கியிருக்கும் பிள்ளைக்கு மாலை வருகைப்பதிவு இருக்கிறது. பருத்தி எடுக்கும் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளின் கையும் கொல்லையில் வேண்டும்.

ஆகவே குழு வேலைக்குரிய நேரம் பள்ளி நேரத்துக்குள், கால அட்டவணையில் இருக்க வேண்டும். இடம் பள்ளிக் கட்டடமாக இருக்க வேண்டும். வீட்டில் செய்யும் பங்கு தனியாகச் செய்யக்கூடியதாக இருக்கட்டும். வெங்காயப் பட்டறை எடுத்துக்காட்டைத் தேர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

மாணவிகளைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. கராவும் வில்லியம்ஸும் தொகுத்த ஆய்வுகளில் பெண்கள் குழுவில் கையைத் தளர்த்துவது ஆண்களைவிடக் குறைவு என்று தெரிந்தது. நம் வகுப்பறைகளில் அதன் விளைவை யாரும் பார்க்கலாம்: ரெக்கார்டு எழுதுவது, படம் வரைவது, விட்டதை நிரப்புவது எல்லாம் அவர்கள் தலையில். அளவெடுக்கும் கருவியும் மேடையில் ஒலிவாங்கியும் பையன்கள் கையில். இது குழுவேலை என்ற பெயரில் நடக்கும் அநியாயம். யார் எதைச் செய்வது என்பதை வாரந்தோறும் மாற்றிவைக்காத ஆசிரியர் இந்த அநியாயத்துக்கு உடந்தை.

தனியே முதலில், கூடிப் பிறகு

புராஜெக்ட் ஒருபுறம் இருக்கட்டும். சேர்ந்து படிப்பது என்று ஒன்று உண்டு. தேர்வுக் காலத்தில் எல்லா விடுதிகளிலும் நடப்பது. இதில் 1970களில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி டிரைஸ்மன் என்ற கணித ஆசிரியர் செய்த ஆய்வு எனக்கு மறக்க முடியாதது. நுண்கணித வகுப்பில் கறுப்பின மாணவர்கள் பலர் தோற்றுக்கொண்டிருந்தார்கள். அக்கறை இல்லை, அடிப்படை இல்லை, வீட்டில் ஆதரவு இல்லை என்று பேராசிரியர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். டிரைஸ்மன் மாணவர்களோடு மாதக்கணக்கில் பழகிப் பார்த்தார். கறுப்பின மாணவர்கள் விதித்த நேரம் முழுக்க உழைத்தார்கள், ஆனால் தனித்தனியாக. சீன வழி மாணவர்கள் முதலில் தனியாகக் கணக்குப் போட்டுவிட்டு, பிறகு கூடி உட்கார்ந்து ஒருவர் விடையை மற்றவர் சரிபார்த்தார்கள்; எல்லோருக்கும் தப்பாக வந்தால் கணக்கு கடினம் என்று தெரிந்தது, தனக்கு மட்டும் தப்பு என்றால் எங்கே பிசகினோம் என்று தெரிந்தது. இதைப் பார்த்து டிரைஸ்மன் தொடங்கிய பயிலரங்கு, தோற்பவர்களுக்கான உதவி வகுப்பாக அமையவில்லை. வழக்கத்தைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்தார், சேர்ந்து மோதவைத்தார். அந்த மாணவர்கள் மேலே வந்தார்கள்.

நம் விடுதிகளில் ஒருவர் சத்தமாக வாசிக்க மற்றவர்கள் கேட்டுக்கொண்டு படுத்திருப்பதைச் சேர்ந்து படிப்பது என்கிறோம். அதில் கேட்பவருக்குப் புரிந்ததுபோல் தோன்றும். தாளில் எழுத உட்கார்ந்தால் வராது.

பெரம்பலூருக்கே உரிய அனுபவம் ஒன்றும் உண்டு. 2010களின் முற்பகுதியில் மாவட்ட ஆட்சியராக இருந்த தாரேஸ் அகமது, அரசுப் பள்ளிகளின் மேல்நிலை வகுப்பு மாணவர்களைத் தேர்ந்தெடுத்து ஓரிடத்தில் சேர்த்துப் பயிற்சி தரும் ‘சூப்பர் 30’ திட்டத்தைக் கொண்டுவந்தார். பட்னாவில் ஆனந்த் குமார் 2002-இல் தொடங்கிய முயற்சியின் பெயரையும் கருத்தையும் ஒட்டியது அது. கிராமத்து அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகள் மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் போனார்கள். நல்ல ஆசிரியர்கள் கிடைத்தது ஒரு காரணம். தன்னைப் போலவே வெங்காயக் கொல்லையிலிருந்து வந்த இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து அதே கணக்கோடு மல்லுக்கட்டுவதைத் தினமும் பார்த்தது, அதற்குக் குறையாத காரணம் என்று நினைக்கிறேன். தன் ஊரில் தனி ஆளாக இருந்தவர் அங்கே தனி ஆளாக இல்லை. ஆனாலும் முப்பது பேரைப் பொறுக்கியெடுத்து ஓரிடத்தில் வைத்தால் அவர்கள் விட்டுவந்த வகுப்புகளில் யார் எஞ்சுகிறார்கள் என்ற கேள்வியையும் கேட்க வேண்டும். அந்த முப்பது பேருக்குக் கிடைத்த சூழலை எல்லா மேல்நிலைப் பள்ளிகளிலும் பள்ளி நேரத்துக்குள்ளேயே ஒரு மணி நேரமாவது உண்டாக்குவதே அடுத்த கட்டமாக இருந்திருக்க வேண்டும்.

மதிப்பெண் எங்கே விழுகிறதோ அங்கேதான் உழைப்பு போகும். 2012-13-இல் தொடர் மதிப்பீட்டு முறை நம் பள்ளிகளுக்கு வந்தபோது வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண் ஒதுக்கினார்கள்; செயல்திட்டமும் குழுச் செயல்பாடும் அதில் அடங்கின. எண்ணம் நல்ல எண்ணம். சில மாதங்களில் ஸ்டேஷனரி கடைகளில் ஆயத்த சார்ட்டுகளும் படத்தாள்களும் தொங்கத் தொடங்கின. பொருளுக்கு மதிப்பெண் கொடுத்தால் பொருள் வாங்கப்படும். அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் ராபர்ட் ஸ்லேவின் பல பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னதும் இதுவே: குழு முழுவதும் சேர்ந்து ஒரே பொருளை ஒப்படைத்து ஒரே மதிப்பெண் பெறும் முறையில் கற்றலில் கிடைக்கும் ஆதாயம் மிகச் சொற்பம், ஒவ்வொருவரும் என்ன கற்றார் என்று தனித்தனியாகப் பார்த்து அதன் கூட்டுத்தொகையைக் குழுவின் வெற்றியாகக் கொள்ளும் முறையில் ஆதாயம் தெளிவாகத் தெரிகிறது. கல்லூரிகளில் மூன்று ரிவியூக்களிலும் நால்வரையும் ஒன்றாக நிறுத்திக் கேட்பதற்குப் பதில் ஒருவரை மட்டும் உள்ளே அழைத்து, மற்ற மூவரின் வேலையை விளக்கச் சொல்லலாம். யார் அழைக்கப்படுவார் என்பது அன்று காலைவரை தெரியக் கூடாது. இதற்கு எந்தச் செலவும் இல்லை.

பெரம்பலூர், அரியலூர் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் மாணவர் குழுக்களுக்கு வழிகாட்டும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த குழுவை அமைக்கும் நாளில் பெயர்ப்பட்டியலை முதலில் எழுதாதீர்கள். கேள்வியை முதலில் எழுதுங்கள். அந்தக் கேள்விக்கு விடை காண எத்தனை ஊர், எத்தனை தராசு, எத்தனை கை வேண்டும் என்று எண்ணிப்பாருங்கள். அத்தனை பிள்ளைகளை மட்டும் சேருங்கள்; அவர்களில் ஒருவராவது இதுவரை எந்தக் குழுவிலும் கேட்கப்படாத பிள்ளையாக இருக்கட்டும். ஆளுக்கொரு குறிப்பேட்டைக் கையில் கொடுத்து, வாரம் ஒருமுறை வாங்கிப் படியுங்கள்.